ஆய்வு ஊருக்குள் வரும்போது



இந்தக் கல்லூரியில் இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையினர் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். அறிவியல் தொடர்பாக இருக்க வேண்டும், அறிவியல் படிக்காதவருக்கும் விளங்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஆகவே ஆய்வுக்கூடத்துக்குள் நடப்பதை விட்டுவிட்டு, ஆய்வு முடிவு வெளியே வந்தபின் ஊரில் என்ன நடக்கிறது என்பதைப் பேசலாம் என்று எண்ணினேன். உளவியல், உடல்நலம், சூழலியல் ஆகிய மூன்று துறைகளிலிருந்து செய்திகளை எடுத்துக்கொண்டேன். கருந்துளையைப் பற்றி ஒரு கண்டுபிடிப்பு வந்தால் வியந்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம். பிள்ளையின் மூளை, நம் உடம்பு, குடியிருக்கும் மலை என்று வரும்போது அப்படிப் புரட்டிவிட முடிவதில்லை. ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்தும் இருக்கிறது.

மக்கள் ஓர் ஆய்வை மறுக்கும்போது படித்தவர்கள் ஒரு விளக்கத்தைக் கைவசம் வைத்திருப்பார்கள்: விழிப்புணர்வு போதாது. உடனே ஒரு பேரணி, ஒரு துண்டறிக்கை, ஒரு குறும்படம். இந்த விளக்கம் எனக்கு எப்போதும் நிறைவளித்ததில்லை. நான் கவனித்தவரை, ஒரு புதிய முடிவைக் கேட்டதும் மக்கள் மனத்தில் எழுவன இரண்டு கேள்விகள். இதற்கு யார் விலை கொடுக்க வேண்டும்? இதைச் சொல்ல வருபவர் போன தடவை நம்மிடம் எப்படி நடந்துகொண்டார்? இரண்டும் அறிவற்ற கேள்விகள் என்று நான் நினைக்கவில்லை. கடன் கொடுக்கும் எவரும் கேட்கக்கூடியவைதான். அந்த முடிவு உண்மையா என்பதற்கு இவற்றில் விடை கிடைக்காது என்பதுதான் தொல்லை.

விலையே இல்லாத ஒன்றை முதலில் பார்ப்போம்.

1993-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு பக்க அளவில் ஒரு குறிப்பு வந்தது. பிரான்சிஸ் ரவுஷர், கார்டன் ஷா, கேத்தரின் கை ஆகிய மூவர் கலிஃபோர்னியாவில் செய்த சோதனை அது. கல்லூரி மாணவர்கள் 36 பேர். 10 நிமிடம் மோட்சார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைக் கேட்டார்கள். இன்னொரு முறை மனத்தைத் தளர்த்தும் ஒலிநாடா. மற்றொரு முறை வெறும் அமைதி. மோட்சார்ட் கேட்டபின், காகிதத்தை மடித்து வெட்டினால் எந்த வடிவம் வரும் என்பது போன்ற கேள்விகளில் மதிப்பெண் சற்றுக் கூடியிருந்தது. நுண்ணறிவு அளவுகோலில் சொன்னால் 8, 9 புள்ளி. அந்த விளைவு 10, 15 நிமிடத்தில் மறைந்துபோகிறது என்பதையும் அவர்களே எழுதியிருந்தார்கள். குழந்தை என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை.

ஐந்து ஆண்டு கழித்து, 1998 ஜனவரியில், ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர் தன் மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் ஒதுக்கக் கேட்டார். அதே ஆண்டு ஃபுளோரிடாவில், அரசுப் பணம் பெறும் குழந்தைகள் காப்பகங்களில் நாள்தோறும் செவ்வியல் இசை ஒலிக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. கல்லூரி மாணவருக்குக் கால் மணி நேரம் நீடித்த ஒரு சிறு மாற்றம், ஆளிடம் ஆளாகக் கைமாறி, கைக்குழந்தைக்கு ஆயுள் முழுவதற்குமான அறிவாகிவிட்டது.

இந்தக் கைமாற்றத்தையே ஆராய்ந்தவர்கள் உண்டு. ஏட்ரியன் பாங்கர்டர், சிப் ஹீத் என்ற இருவர் அமெரிக்கச் செய்தித்தாள்களைத் திரட்டிப் பார்த்து 2004-இல் எழுதினார்கள். எந்த மாநிலங்களில் ஆசிரியர் சம்பளமும் மாணவர் தேர்ச்சியும் தாழ்ந்திருந்தனவோ, அங்குதான் மோட்சார்ட் செய்தி மிகுதியாக ஓடியிருந்தது. எனக்கு இந்தக் கண்டுபிடிப்பு மூல ஆய்வைக் காட்டிலும் பெரிதாகப் படுகிறது. பள்ளிக்கூடத்தைச் சீர்செய்யப் பணம் வேண்டும், ஆண்டுகள் வேண்டும். இசைத்தட்டுக்குக் கடைக்குப் போய் வரும் நேரம் போதும். கவலை நிறைந்த பெற்றோருக்கு அந்த ஆய்வு எதையும் கேட்கவில்லை, ஆகவே அவர்களும் அதை ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் வந்த பெரிய தொகுப்பாய்வுகள் அந்த விளைவில் மோட்சார்ட்டுக்கென்று தனிச் சிறப்பு எதுவும் இல்லை என்று காட்டியபோது, அதற்கு யாரும் ஊர்வலம் போகவில்லை. நம் ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் நடுமூளையைத் தூண்டுகிறோம் என்று சொல்லி, பிள்ளைகளின் கண்ணைக் கட்டிப் புத்தகம் வாசிக்கவைத்த வகுப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டணம் இருந்தது, ஆய்வு இருந்ததாகத் தெரியவில்லை.

உளவியலைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லி நகர்கிறேன். 2015-இல் ‘சயன்ஸ்’ இதழில் உளவியலாளர்களே கூட்டாகச் சேர்ந்து, தங்கள் துறையின் புகழ்பெற்ற மூன்று இதழ்களிலிருந்து 100 ஆய்வுகளை எடுத்து மறுபடி செய்து பார்த்த கணக்கை வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் அளவில் தேறியவை. மறுமுறை தேறியவை 36 விழுக்காடு. உளவியலே பொய் என்று தலைப்புப் போட்டார்கள். தன் வீட்டைத் தானே சோதனை போட்டு, கிடைத்ததைத் தெருவில் கொண்டுவந்து வைத்த துறைக்குக் கிடைத்த பரிசு அது. மற்ற துறைகள் எத்தனை இப்படிச் செய்தன என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

இனி உடம்புக்கு வருகிறேன். இங்கே அச்சம் வேலை செய்கிறது.

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு மருத்துவர்களுக்கு ஓர் அவசரக் கடிதம் அனுப்பியது. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளைச் சாப்பிட்டால் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாக உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்றது அக்கடிதம். இரண்டு மடங்கு! தொலைக்காட்சி அதைத்தான் சொன்னது. பெண்கள் மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். ஆய்வு உண்மையில் என்ன கண்டது என்றால், பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு அந்தக் கட்டி வந்தது. புதிய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் இருவருக்கு. ஒன்று இரண்டானது இரண்டு மடங்குதான், மறுப்பதற்கில்லை. 7,000-இல் ஒருவர் கூடினார் என்பதும் அதே உண்மைதான். எதைச் சொல்வது என்பதைக் கடிதம் எழுதியவர் தேர்ந்தெடுத்தார். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் வழக்கத்தைவிட ஏறத்தாழ 13,000 கூடின. கருவுற்றிருக்கும்போது இரத்தக்கட்டி வரும் ஆபத்து மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஆபத்துக்கு அஞ்சி ஆபத்துக்குள்ளேயே போனார்கள் என்றாகிறது. ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டி வந்திருக்கிறார். எத்தனை மடங்கு என்று சொல்லாதீர்கள், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று சொல்லுங்கள் என்பது அவர் கேட்பது. நம் நாளிதழ்களின் மருத்துவப் பக்கத்தில் இன்றும் மடங்குக் கணக்குதான் கொடிகட்டிப் பறக்கிறது.

அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் கேட்ட செய்திக்கு அவர்கள் செய்தது பொருத்தமான செயலே. பிழை அவர்களுக்கு வந்து சேர்ந்த எண்ணில் இருந்தது.

தடுப்பூசி வேறு மாதிரி. அங்கே எண்ணைத் திருத்தினாலும் போதாது என்பதைத் தமிழ்நாடே காட்டியது.

1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு ‘லான்செட்’ இதழில் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையை நீங்கள் அறிவீர்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட கட்டுரை அது. பத்திரிகையாளர் பிரையன் டீர் அதன் பின்னணியைத் தோண்டி எடுத்தார். 2010-இல் ‘லான்செட்’ கட்டுரையைத் திரும்பப் பெற்றது. வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. லண்டனில் செத்த கட்டுரை சென்னையில் எப்படி உயிரோடு உலவியது?

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் வேறு சில இடங்களிலும் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்டவர் வரை எல்லோருக்கும் ஓர் ஊசி. தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றே முக்கால் கோடி அளவிலான பிள்ளைகள். இயக்கம் தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் ஓடின. ஆட்டிசம் வரும், மலட்டுத்தன்மை வரும், வெளிநாட்டுக் கம்பெனியின் சோதனை இது. பள்ளி வாசலில் பெற்றோர் கூடிப் பிள்ளையைத் திருப்பி அழைத்துப் போனார்கள். மாத இறுதியில் முடிய வேண்டிய இயக்கத்தை மார்ச்சுக்கு நீட்டிக்க வேண்டியதாயிற்று.

இதையும் விழிப்புணர்வுக் குறைவு என்றே எழுதினார்கள். எந்தத் தமிழ்நாட்டில்? தடுப்பூசியில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயர் வாங்கிய மாநிலத்தில். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் சிறிது நேரத்திலேயே இறந்துபோயின. மருந்திலா, கலக்கிய நீரிலா, கையாண்ட விதத்திலா என்று விசாரணைகள் நடந்தன. அதன்பின் ஊர்த் துணை சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கிராமச் செவிலியர் போட்டுவந்த ஊசி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றப்பட்டது. பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனால் தாய்மாருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் கூடுதலாயின. ஊசி என்றால் டாக்டர் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆபத்தான காரியம் என்ற எண்ணமும் கூடவே வந்தது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2005–06-இல் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசிகளும் போட்டுக்கொண்ட குழந்தைகள் 80.9 விழுக்காடு. 2015–16-இல் 69.7 விழுக்காடு. திருவள்ளூர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. வேக்ஃபீல்டின் பெயரைக் கேள்விப்பட்டிராத ஒரு தாய்க்கும் திருவள்ளூர் நினைவிருந்தது என்கிறேன்.

காலத்தையும் பாருங்கள். ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் கூடியதும் அது தடியடியில் முடிந்ததும் அந்த 2017 ஜனவரியில். பீட்டா என்ற விலங்குரிமை அமைப்பும் பன்னாட்டு நிறுவனங்களும் சேர்ந்து நாட்டு மாட்டை ஒழிக்கச் சதி செய்கின்றன என்ற பேச்சு எல்லாக் கைப்பேசியிலும் சூடாக இருந்தது. ஊசி அந்தச் சூட்டுக்குள் வந்து இறங்கியது. மக்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டிய அரசோ, முதல்வர் பதவிச் சண்டையில் அந்த வாரங்களில் பாதி கூவத்தூர் விடுதியில் இருந்தது. குரல் பதிவுக்குப் பதிலாகக் கடைசியில் பயன்பட்டவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கே முதலில் ஊசி போட்டுக் காட்டிய மருத்துவர்களும் ஆசிரியர்களும்தான் என்று நினைக்கிறேன். சான்றைச் சொல்வதைவிட ஆபத்தில் பங்கெடுப்பது கேட்கப்படுகிறது.

சூழலியலுக்கு வருகிறேன். என் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கென்றே வைத்திருக்கிறேன். விலையும் நினைவும் ஒன்றோடொன்று மோதுவதை இங்கேதான் முழுமையாகப் பார்க்க முடிகிறது.

முதலில் ஒரு நல்ல செய்தி. தென்னாசியாவின் பாறு கழுகுகள் 1990-களில் கொத்துக்கொத்தாக அழிந்தன. வெண்முதுகுப் பாறு 15 ஆண்டுகளில் 99.9 விழுக்காடு குறைந்தது. தொற்றுநோய் என்று பலர் தேடிக்கொண்டிருந்தபோது, லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானில் செத்த கழுகுகளின் சிறுநீரகத்தை ஆராய்ந்து, மாட்டுக்கு வலி நீக்கப் போட்டு, செத்த மாட்டைத் தின்னும் கழுகுக்குள் போகும் டைக்ளோஃபினாக் மருந்துதான் காரணம் என்று 2004-இல் நிறுவினார்கள். 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தயாரிப்பைத் தடை செய்தது. நம் நாட்டு வேகத்துக்கு இரண்டு ஆண்டு என்பது மின்னல். ஏன் முடிந்தது? மெலாக்சிகம் என்ற மாற்று மருந்து கழுகுகளைக் கொல்லாது என்று அதற்குள் கண்டறிந்துவிட்டார்கள். விவசாயி மாட்டை இழக்கவில்லை, மருந்துக்கடை வியாபாரத்தை இழக்கவில்லை. விலை சிறியது. அப்படியும் மனிதருக்கான 30 மில்லி குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2015-இல் அதை 3 மில்லி ஒற்றை ஊசிக் குப்பியாகச் சுருக்கியபோது மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. சென்னை உயர்நீதிமன்றம் 2017-இல் அதைத் தள்ளுபடி செய்தது. மோயாறு பள்ளத்தாக்கில் இன்று பறந்துகொண்டிருக்கும் பாறுகளுக்கு அந்தத் தீர்ப்பில் ஒரு பங்கு உண்டு. 2024-இல் ஈயால் ஃப்ராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் இன்னொரு கணக்கைக் கொண்டுவந்தார்கள்: கழுகுகள் அழிந்ததால் செத்த கால்நடைகள் அழுகிக் கிடந்து, நீர் கெட்டு, தெருநாய் பெருகி, 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று. ஒரு நாள் தலைப்புச் செய்தி. மறுநாள் மறந்தோம். யாரையும் எதையும் செய்யச் சொல்லாத செய்திக்கு ஆயுள் அவ்வளவுதான், அது 5 லட்சம் உயிராக இருந்தாலும்.

ஜெர்மனியில் நடந்ததையும் ஒரு நிமிடம் சொல்கிறேன். கிரேஃபெல்ட் நகரத்துப் பூச்சி ஆர்வலர் சங்கம் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் வலைக்கூடாரம் வைத்துப் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து எடை போட்டு வந்தது. 27 ஆண்டில் எடை 75 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்ததாக 2017-இல் அந்தத் தரவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. நாடே அதிர்ந்தது. பவேரியாவில் தேனீக்களைக் காப்போம் என்று மக்கள் விண்ணப்பம் நடத்தி, 2019-இல் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேரில் வந்து கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் பெர்லின் தெருக்களை ஆயிரக்கணக்கான டிராக்டர்கள் நிறைத்தன. பூச்சிகளைக் காக்க உரமும் மருந்தும் குறைக்கச் சொன்ன அரசை எதிர்த்து வந்த உழவர்கள் அவர்கள். கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு பேனா செலவு. உழவருக்கு விளைச்சல்.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு நம் மலைக்கு வாருங்கள்.

2010 மார்ச்சில் மத்திய அரசு மாதவ் காட்கில் தலைமையில் மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழுவை அமைத்தது. குழு 2011 ஆகஸ்டில் அறிக்கையைக் கொடுத்தது. குஜராத்திலிருந்து குமரி வரை மலைத்தொடரைக் கட்டங்களாகப் பிரித்து மதிப்பிட்டு, தாலுகா வாரியாக மூன்று நுண்ணுணர் மண்டலங்களைப் பரிந்துரைத்திருந்தார்கள். முதல் மண்டலத்தில் புதிய சுரங்கம் கூடாது, பெரிய அணை கூடாது, வேதிப் பூச்சிமருந்தைப் படிப்படியாகக் கைவிட வேண்டும், பொது நிலம் தனியார் நிலமாகக் கூடாது. விவசாயியை வெளியேற்றுவது பற்றி எங்கும் இல்லை. இயற்கை வேளாண்மைக்கு மாறுபவருக்கு உதவி தர வேண்டும் என்று இருந்தது. இந்த எல்லைக்கோடுகள் எதுவும் முடிவானவை அல்ல, கிராம சபைகள் பேசித் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதும் இருந்தது.

அமைச்சகம் இந்த அறிக்கையை வைத்துப் பூட்டியது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டும் தரவில்லை. மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டும் தராமல் தில்லி உயர்நீதிமன்றம் போய்த் தோற்று, 2012 மேயில்தான் வெளியிட்டது. கிராம சபைகள் படிப்பதற்கென்று எழுதிய அறிக்கையை ஒன்பது மாதம் மறைத்து வைத்தார்கள். மறைத்து வைத்த காகிதத்தில் என்ன இருக்கும் என்று மலைக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? பிறகு அந்த அறிக்கையைப் பரிசீலிக்கக் கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொரு குழு. அது 2013-இல் பரப்பைச் சுருக்கி, ஏறத்தாழ 60,000 சதுர கிலோமீட்டரை மட்டும் பாதுகாக்கச் சொன்னது; கேரளத்தில் 123 கிராமங்கள். கிராம சபை என்ற பேச்சு அதில் மங்கிப்போனது.

2013 நவம்பரில் கேரளத்தின் மலை மாவட்டங்கள் கொந்தளித்தன. கடையடைப்பு, சாலை மறியல். தாமரசேரிப் பக்கம் வனத்துறை அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். இடுக்கியில் மறைமாவட்டமும் மலைநாட்டுப் பாதுகாப்புச் சமிதியும் முன்னின்றன. அறிக்கையை ஆதரித்துப் பேசிய அத்தொகுதிக் காங்கிரஸ் எம்.பி. பி.டி. தாமஸுக்கு உயிரோடிருக்கும்போதே பாடை கட்டி ஊர்வலம் விட்டார்கள். 2014-இல் கட்சி அவருக்கு இடம் தரவில்லை. சமிதியின் ஆதரவோடும் இடதுசாரிகளின் துணையோடும் நின்ற சுயேச்சை வென்றார். நம்மை மலையிலிருந்து இறக்கிவிடப்போகிறார்கள் என்பதுதான் வீட்டுக்கு வீடு பரவிய பேச்சு.

அறிக்கையில் இல்லாத ஒன்றை ஏன் நம்பினார்கள்? படிக்காதவர்களா? கேரளத்தில்! இங்கேயும் ஒரு திருவள்ளூர் இருக்கிறது. போர்க்காலத்தில் உணவுப் பஞ்சம் வந்தபோது, காட்டைத் திருத்திப் பயிர் செய்யுங்கள் என்று திருவிதாங்கூர் அரசே மக்களை மலையேற்றியது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுக்கா கேரளத்துக்கா என்ற தகராறு முற்றிய 1950-களில், மலையாளிகளைக் குடியேற்றவே ஒரு திட்டம் போட்டார்கள். அந்த வரலாறு நமக்கும் வலிக்கும் வரலாறுதான். மலையேற்றிய அதே அரசு 1961-இல் இடுக்கி அணைக்காக அய்யப்பன்கோவில் குடியேற்றக்காரர்களைக் குடிசையைப் பிரித்து, மழைக்காலத்தில் லாரியில் ஏற்றி, குமுளிக்கு அருகே அமராவதியில் கொண்டுபோய் இறக்கியது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அங்கேயே உண்ணாநிலை இருந்தார். இப்படி இறக்கிவிடப்பட்டவரின் பேரனிடம், பட்டா இன்னும் கைக்கு வராதவரிடம், தில்லியிலிருந்து மண்டலம், வரையறை, கட்டுப்பாடு என்று ஒரு காகிதம் வந்தால் அவர் எதை நினைப்பார்? பூச்சிமருந்தைப் பற்றிய பத்தியைத் தேடிப் படிக்கமாட்டார். நீலகிரியின் கூடலூர் ஜென்ம நிலங்களில் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் பட்டா இல்லாமல் மூன்று தலைமுறையாக இருப்பவர்களிடம் போய்ப் பேசிப் பாருங்கள், புலி என்று ஆரம்பித்தாலே அவர்கள் காதில் காலி செய் என்றுதான் விழும்.

அந்தப் பயத்தைக் கல்குவாரிக்காரர்களும் விடுதிக்காரர்களும் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிறு விவசாயியின் உண்மையான பயத்துக்குப் பின்னால் பெரிய லாபம் ஒளிந்துகொள்வது எல்லா நாட்டிலும் நடப்பது. ஆனால் பயமே பொய் என்று சொன்ன சூழல் ஆர்வலர்கள், குவாரிக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆள் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பிறகு 2018 ஆகஸ்டு வெள்ளம். கேரளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலை 30 விடியலில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் சேற்றோடு போயின. ஒரே இரவில் காற்று மாறியது. காட்கில் அன்றே சொன்னார், தீர்க்கதரிசி என்று எல்லாத் தொலைக்காட்சியிலும் பேச்சு. அந்த ஊர்கள் இருக்கும் வைத்திரி தாலுகாவை அவர் குழு முதல் மண்டலத்தில் வைத்திருந்தது உண்மை. அந்தச் சரிவு 1,500 மீட்டருக்கு மேல், காடு மூடிய சரிவில் தொடங்கி, ஆற்று வழியே இறங்கி ஊரை அடித்தது என்பதும் உண்மை. பருவநிலை மாற்றத்தால் அந்த மழை சுமார் 10 விழுக்காடு கனத்தது என்று ஒரு பன்னாட்டுக் குழு கணித்தது. அறிக்கையை அப்படியே நடைமுறைப்படுத்தியிருந்தால் இந்தச் சரிவு நின்றிருக்கும் என்று சொல்ல அறிக்கையிலேயே இடமில்லை. ஆற்றோரத்தில் வீடுகள் குறைந்திருக்கும் என்று வேண்டுமானால் சொல்லலாம். 2013-இல் கொளுத்தியவர்களும் படிக்கவில்லை, 2024-இல் மாலை போட்டவர்களும் படிக்கவில்லை. எனக்கு இரண்டாவது கூட்டத்தின் மீதுதான் கூடுதல் கவலை. கொளுத்தியவருக்குப் பயப்பட ஒரு காரணமாவது இருந்தது.

இந்தச் சண்டையில் ஒரு தரப்பு இரண்டு பக்கத்திலும் இல்லை. 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாறு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த தமிழர்கள் அவர்கள். பலருக்குக் கயத்தாறு பக்கம் சொந்த ஊர். லயம் எங்கே கட்டுவது என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. சரிவுக்கடியில் தோட்டத்துக்கு உதவாத மூலையில் கட்டினார்கள், அவர்கள் இருந்தார்கள். இடுக்கியின் போராட்டம் நிலம் உள்ளவர்களின் போராட்டம். சூழலியலாளரின் வாதம் காட்டுக்கான வாதம். நான்கு தலைமுறை கொழுந்து கிள்ளியும் ஒரு செண்டு நிலமில்லாதவருக்கு அறிக்கையை எரிக்கவும் காரணமில்லை, ஏந்தவும் காரணமில்லை. பொதுமக்களின் எதிர்வினை என்று செய்தியில் வருவது எப்போதும் பேசக்கூடிய மக்களின் எதிர்வினைதான். வயநாட்டில் அடித்துப் போனவற்றிலும் தோட்டப் பாடிகள் இருந்தன.

வயநாட்டுச் சரிவுக்கு மறுநாள், 2024 ஜூலை 31-ஆம் தேதியிட்டு, மத்திய அரசு மேற்குத் தொடர்ச்சி மலைக்கான வரைவு அறிவிக்கையை ஆறாவது முறையாக வெளியிட்டது. ஆட்சேபம் சொல்ல 60 நாள். முதல் வரைவு 2014-இல் வந்தது. தமிழ்நாட்டில் அதில் அடங்குவன 135 கிராமங்கள், 6,914 சதுர கிலோமீட்டர். நீலகிரியும் அதில் உண்டு.

இந்த அறக்கட்டளைக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு, பேச்சாளருக்குக் கொடுக்கும் உரிமையில் கேட்கிறேன். அடுத்த ஆண்டு என்னைப் போல் ஒருவரை மேடையேற்றும் செலவில் பாதியைக் கொண்டு, காட்கில் அறிக்கையில் தமிழ்நாட்டைப் பற்றிய பகுதியையும் இந்த வரைவு அறிவிக்கையையும் நல்ல தமிழில் அச்சிடுங்கள். அந்த 135 கிராமங்களில் ஒன்றில், மே 1 அன்றோ அக்டோபர் 2 அன்றோ கூடும் கிராம சபையில் வாசிக்க இந்தக் கல்லூரி மாணவர்கள் சிலரை அனுப்புங்கள். எஸ்டேட் லயத்துக்காரர்களும் வரக்கூடிய நேரமாகப் பார்த்து வையுங்கள், காலை எடைக்குப் பிறகு. முதல் கேள்வி மழையைப் பற்றியோ மண்சரிவைப் பற்றியோ வராது, பட்டாவைப் பற்றித்தான் வரும். அதற்குப் பதில் சொல்ல வருவாய்த் துறையிலிருந்து ஒருவரையும் கூடவே அழைத்துப் போக வேண்டியிருக்கும்.